எஞ்சினின் பிறப்பூர்

சில ஆண்டுகளுக்கு முன், எம் மாணவர் சிலரை ஊவாத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். கொட்டகையின் மூலையில் துருவேறிய எஞ்சின் ஒன்று கிடந்தது. "இது எங்கே செய்தது, ஐயா?" என்று ஒரு மாணவன் வினவினான். கண்ணிற்பட்ட பித்தளைப் பட்டயத்தை வாசித்து, "கொழும்பில்" என்று விடையிறுத்தோம். அருகே நின்ற முதிய எஞ்சின்காரர் சிரித்தார். "அது வித்தவங்க பேரு, வாத்தியாரையா. செஞ்சவங்க பேரு கீழே இருக்கு" என்று கூறி, எண்ணெய் அழுக்கைத் துடைத்துக் காட்டினார். லிங்கன் என்னும் ஆங்கில நகரின் பெயர் வார்ப்பிரும்பில் எழுந்து நின்றது. வெட்கினோம், ஆயினும் பாடம் பெற்றோம்.

விற்றவர் வேறு, செய்தவர் வேறு என்பதே இத்துறையின் அரிச்சுவடி. 1854இல் கண்டியில் தோன்றிய வாக்கர் கொம்பனி தானும் இயந்திரங்கள் செய்தது. பிறர் செய்தவற்றையும் தருவித்து விற்றது. ஆதலின் அதன் பெயரைக் கண்டதும் முடிவுகட்டலாகாது. கடற்படகு எஞ்சின்களிலும் இம்மயக்கம் உண்டு. எஞ்சினை ஒருவரும் பற்சக்கரப் பெட்டியை இன்னொருவரும் செய்திருப்பர். பெட்டியின் பட்டயத்தை வாசித்து எஞ்சினுக்குப் பெயர் சூட்டிவிடுவாருமுளர்.

பெயர் ஊரை மட்டுமன்றிக் காலத்தையும் காட்டும். கிரான்தம் நகரத்து ஹோர்ன்ஸ்பி கொம்பனி 1892 முதல் எண்ணெய் எஞ்சின்களை விற்றது. 1918இல் அது லிங்கன் நகரத்து ரஸ்டன் கொம்பனியுடன் இணைந்தது. எனவே, இரு பெயரும் சேர்ந்து பொறித்த எஞ்சின் 1918க்கு முற்பட்டதாதல் இயலாது. பட்டயமே தொலைந்துபோயின் திருகாணியை நோக்குக: புரியின் கோணம் 55 பாகையாயின், அது 1841இல் விட்வர்த் வகுத்த ஆங்கில அளவு, அமெரிக்க அளவும் மெட்ரிக் அளவும் 60 பாகை.

இவ்வாறு நோக்கின் நம் தொழிற்சாலை ஒவ்வொன்றும் ஒரு தேசப்படமாகும். கொழுந்தை உருட்டிய இயந்திரம் கெயின்ஸ்பரோவில் மார்ஷல் கொம்பனி செய்தது. உலர்த்திய 'சிரொக்கோ' பெல்பாஸ்ட் நகரில் டேவிட்சன் செய்தது. பதுளைக்கு ரயில் வந்ததே 1924இல். அதற்கு முன் வந்த பாரங்களைக் கடைசி மைல்களில் இழுத்தவை மாடுகளே.

ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலையொன்று 2001 முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகிறது. நன்று; ஆனால் ஊவாவின் எஞ்சின்கள் அனைத்தும் அங்கே இடம்பெறல் கூடுமோ? எஞ்சியவை பழைய இரும்பாக நிறுக்கப்படுமுன், தோட்டங்களிற் பணிபுரியும் நம் பழைய மாணவர் அவற்றின் பெயர், ஊர், தொடரிலக்கம் மூன்றையும் எழுதிவைத்தல் வேண்டும்.

நான்காவதாக ஒன்றும் வேண்டுவோம்: அவ்வெஞ்சினை ஓட்டியவரின் பெயர். அதை எந்தப் பட்டயமும் தாங்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம்மவரிடம் தந்தை பிறந்த இடத்தை நிறுவுமாறு கேட்டபோது, காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இன்றி நின்றோர் பல்லாயிரவர். இரும்புக்குப் பிறப்பூர் எழுதியிருந்தது. அதை இயக்கிய மனிதருக்கு எழுதியிருக்கவில்லை. இனியேனும் நாம் எழுதுவோமாக.