காதுக்கு ஒரு பரீட்சை

நமது காது எவ்வளவு உயர்ந்த சுருதி வரையில் கேட்கும் என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் விளையாட்டு ஒன்று இப்போது செல்போன் வழியாகப் பல வீடுகளிலும் புகுந்திருக்கிறது. பாட்டி முதல் பேரன் வரையில் வட்டமாக உட்கார்ந்துகொண்டு, "எனக்குக் கேட்கிறது, உனக்கு?" என்று ஒருவரையொருவர் சோதிக்கிறார்கள். நல்ல விளையாட்டுத்தான். ஆனால் செவியைச் சோதிக்கப் புகுந்து செவியையே கெடுத்துக்கொள்ளும் மார்க்கம் ஒன்றும் அதில் இருப்பதால், இந்த வாரம் அதைப் பற்றிச் சிறிது விஸ்தாரமாகச் சொல்ல உத்தேசம்.

விளையாட்டு பழையது. இங்கிலாந்தில் பிரான்ஸிஸ் கால்ட்டன் என்ற விஞ்ஞானி 1876-ஆம் வருஷத்தில் ஒரு சின்னஞ்சிறு ஊதுகுழல் செய்தார். அதிலுள்ள திருகாணியைத் திருகத் திருகச் சுருதி ஏறிக்கொண்டே போகும். அதைக் கைத்தடியிலே பொருத்திக்கொண்டு, ரப்பர்க் குமிழை அமுக்கியபடி மிருகக்காட்சிசாலையில் கூண்டு கூண்டாகப் போய், எந்தப் பிராணி காதை அசைக்கிறது என்று கவனித்தார். மனிதர்களையும் அவர் விடவில்லை. வயது முதிர்ந்த கனவான்களுக்கு மேல் சுருதிகள் கேட்பதில்லை என்பதையும், அதைச் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வருகிறது என்பதையும் 1883-இல் வெளிவந்த தமது நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொரு வேடிக்கை. 2005-ஆம் ஆண்டில் வேல்ஸ் தேசத்தில் ஹோவர்ட் ஸ்டேபிள்டன் என்பவர், கடை வாசலில் கூட்டம் போடும் வாலிபர்களை விரட்டுவதற்காக ஒரு யந்திரம் செய்தார். வினாடிக்கு 17,000 அதிர்வுகளுக்கும் மேற்பட்ட கீச்சுக் குரல் அதற்கு, பெயர் 'கொசு'. இளம் காதுகளுக்குச் சகிக்காது. பெரியவர்களில் அநேகருக்குக் கேட்கவே கேட்காது. பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அதே மாதிரிச் சப்தத்தைச் செல்போன் மணியாக வைத்துக்கொண்டு, உபாத்தியாயருக்குத் தெரியாமல் வகுப்பிலேயே செய்தி வாங்கத் தொடங்கினார்கள். நானும் அந்தத் தொழிலைச் சேர்ந்தவன். இதைக் கண்டிப்பது என் கடமை. ஆனாலும் மனத்திற்குள் மெச்சாமல் இருக்க முடியவில்லை.

வயதானால் மேல் சுருதி ஏன் மறைகிறது? உட்செவியிலே நத்தை ஓட்டைப் போலச் சுருண்ட குழல் ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. குழலின் வாசலருகே நிற்பவை உயர்ந்த சுருதிக்கும், உள்ளே சுருளின் நுனியில் இருப்பவை தாழ்ந்த சுருதிக்கும் ஏற்பட்டவை. அலை அந்தக் குழலில் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த ஜார்ஜ் வான் பெக்கெஸிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. வயது முதலில் கை வைப்பது வாசல் பக்கத்து அணுக்களின் மேல்தான். கோழிக்கு இந்த அணுக்கள் அழிந்தால் மறுபடி முளைக்கும். நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை, போனது போனதுதான்.

இனி, அபாயத்துக்கு வருவோம். ஒருவருக்கு 14,000 கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே என்ன செய்கிறார்? காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, சப்த அளவைக் கடைசி வரை ஏற்றுகிறார். அப்போதும் கேட்பதில்லை. அடுத்த நிமிஷம் சுருதியை இறக்கும்போதோ, மறந்துபோய் ஒரு பாட்டை வைக்கும்போதோ, ஏற்றி வைத்த அவ்வளவும் ஒரே அடியாகச் செவியில் இறங்குகிறது. அதைவிட மோசம், "எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே, நீ பார்" என்று அந்த இயர்போனை அப்படியே குழந்தையின் காதில் வைப்பது. தாத்தாவுக்கு நிசப்தமாக இருப்பது பேத்திக்கு ஊசியாக இருக்கும்.

ஆகையால் முறை இதுதான். இரவில் ஊர் அடங்கிய பிறகு மின்விசிறியை நிறுத்துங்கள். ஹெட்போன், இயர்போன் எதுவும் வேண்டாம்; செல்போனை ஒரு முழ தூரத்தில் மேஜைமேல் வையுங்கள். முதலில் 1,000 அதிர்வுச் சப்தத்தை வைத்து, மெதுவாகப் பேசும் குரல் அளவுக்கு அமைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு சப்த அளவை யாரும் தொடக்கூடாது. இந்த ஒரு விதி தவறினால் மற்றதெல்லாம் வீண். பிறகு 2,000, 4,000, 8,000 என்று ஏறி, 10,000-க்கு மேல் ஆயிரம் ஆயிரமாகப் போகலாம். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வினாடி போதும். கேட்பவர் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்க வேண்டும். யந்திரத்தை வேறொருவர் இயக்க வேண்டும். நடுநடுவே சப்தமே வைக்காமலும் இருந்து பார்க்க வேண்டும். அப்போதும் கை உயர்ந்தால், கேட்டது காதல்ல, கௌரவம்!

கிடைக்கும் பதிலையும் முழுக்க நம்பிவிட வேண்டாம். பல ஒலிப்பதிவுகள் இடத்தைச் சுருக்குவதற்காக 16,000-க்கு மேற்பட்டதை வெட்டி எறிந்துவிடுகின்றன. இல்லாததை யார் கேட்பது? மலிவான ஒலிபெருக்கிகளோ உயர்ந்த சுருதியை எழுப்ப முடியாமல் தாழ்ந்த முனகல் ஒன்றைச் சேர்த்துவிடும். அதைக் கேட்டு, "எனக்கு 18,000 கேட்கிறது" என்று அறுபது வயதில் குதிப்பவர்கள் உண்டு. இந்த விஷயத்தில் பழைய கண்ணாடிக் குழாய் டெலிவிஷன் பெட்டி நேர்மையானது. நம் நாட்டில் அது ஓடும்போதெல்லாம் 15,625 அதிர்வில் மெல்லக் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். அடுத்த அறையிலிருந்தே பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள், அப்பாவுக்குத் தெரியாது.

15,000 கேட்காவிட்டால் என்ன நஷ்டம்? நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களுக்கு அநேகமாக ஒன்றுமில்லை. பியானோவின் கடைசிக் கட்டையே 4,186 அதிர்வுதான். கவலைப்பட வேண்டியது 2,000 முதல் 8,000 வரையிலுள்ள பகுதியைப் பற்றி. உயிரெழுத்துக்களின் பலம் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது; மெய்யெழுத்துக்களைப் பிரித்துக் காட்டுவது உயர்ந்த சுருதி. அது மங்கினால் குரல் கேட்கும், சொல் விளங்காது. 'காசு' என்றால் 'காது' என்று படும். 'காடு' என்றும் படும். காசு கேட்கும்போது மட்டும் தாத்தாவுக்குக் காது மந்தமாகிவிடுகிறது என்று வீட்டில் பரிகாசம் செய்வார்கள். பாவம், அந்தப் பெரியவர் உண்மையாகவே தவித்துக்கொண்டிருக்கக்கூடும். இரைந்து கத்துவதால் பிரயோசனமில்லை; எதிரே உட்கார்ந்து, முகம் தெரியும்படி நிதானமாகப் பேசினால் பாதிக் கஷ்டம் தீரும்.

அப்படிப்பட்டவர்களுக்கு வீட்டு விளையாட்டு போதாது. மருத்துவமனையில் சப்தம் புகாத அறையில் 250 முதல் 8,000 வரையில் ஒவ்வொரு காதாகச் சோதித்து வரைபடம் எழுதித் தருவார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் வெளியிட்ட செல்போன் சோதனை ஒன்றும் உண்டு. இரைச்சலுக்கு நடுவே மூன்று எண்களைச் சொல்லி, என்ன கேட்டது என்று வினவுகிறது. கீச்சுக் குரலைத் தேடுவதைவிட இது உபயோகமானது. அதே ஸ்தாபனம் இரைச்சலுக்கும் கணக்கு வைத்திருக்கிறது: 80 டெஸிபெல் சப்தத்தை வாரம் 40 மணி நேரம் கேட்கலாம், 90 ஆனால் நான்கே மணி நேரம், 100 ஆனால் இருபது நிமிஷம். குழந்தைகளுக்கு 75 டெஸிபெலுக்குத்தான் 40 மணி நேரம்.

ஒன்று மட்டும் தாமதிக்கத் தகாதது. ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளில், அடைத்தாற்போல் மந்தமானால் — கூடவே இரைச்சலோ தலைச்சுற்றலோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் — அன்றே காது வைத்தியரிடம் போக வேண்டும். அது குரும்பியாகவும் இருக்கலாம். நரம்பைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். பின்னதாக இருந்தால் மருந்து பலிக்கும் காலம் சில நாட்கள், மிஞ்சினால் சில வாரங்கள்தான். எண்ணெயைக் காய்ச்சிக் காதில் விட்டுப் பார்ப்பதிலே அந்த நாட்கள் போய்விடுகின்றன.