பூனைக்குட்டியக் கொண்டுவந்து பள்ளிக்கூட கேட்டடியில விடாதீங்க



இன்டைக்குக் காலையிலயும் எங்கட பள்ளிக்கூட கேட்டடியில ஒரு காட்போட் பெட்டி. டேப் போட்டு ஒட்டி இருந்தது. அஞ்சாம் ஆண்டுப் பிள்ளை ஒண்டுதான் முதல்ல திறந்து பார்த்தது. மூணு குட்டி. ஒண்டு மௌத்தாகிட்டு.

யார் வெச்சதென்டு நான் தேடல்ல. ஆனா ஏன் விடுறாங்கன்டு தெரியும். "டீச்சர், தொழுற இடமெல்லாம் மூத்திரம், என்ன செய்யிற?" என்டு எத்தனையோ உம்மாமார் கேட்டிருக்காங்க. நியாயமான கேள்விதான். பூனை நஜீஸ் இல்ல, அதுட மூத்திரம் நஜீஸ். முஸல்லாவில பட்டா கழுவத்தான் வேணும். அதுக்காகப் பெட்டியில போட்டு ஒட்டுறதா? பூனையக் கட்டிப்போட்டுப் பட்டினி போட்ட பொம்புளைட ஹதீஸ எத்தனை பயான்ல கேட்டிருக்கம்!

பழக்குறது கஷ்டமே இல்ல. போன வருஷம் இப்படி வந்த ஒண்ட நான் வீட்டுக்குக் கொண்டு போனன். பழைய பேசின் ஒண்டுட ஒரு பக்கத்தைத் தாழ்வா வெட்டி, காஞ்ச மணல் மூணு விரல் உயரத்துக்குப் போட்டு, பின் கதவடியில வெச்சன். சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில வெச்சா போகாது. சாப்பிட்ட உடனே, தூங்கி எழும்பின உடனே தூக்கி மணல்ல விடணும். மத்தத அதுவே கிண்டி, மூடிப் படிச்சிக்கும். வெளியில இருந்தா பேப்பரால ஒத்தி, அந்தப் பேப்பரையே மணல்ல வைங்க. மணம்தான் அதுக்கு அடையாளம். எங்கட குட்டிக்கு நாலு நாள் போனது.

எங்கட உம்மா "மூக்கைத் தேய்ச்சு ரெண்டு போடு" என்டாங்க. ஒண்டாம் ஆண்டுப் பிள்ளை வகுப்பில மூத்திரம் போனா அடிப்பமா? அடிச்சா, பயத்தில அலுமாரிக்குப் பின்னால ஒளிஞ்சு போகும், அவ்வளவுதான்.

இன்னும் ரெண்டு விஷயம். பேசினைப் பினாயிலால கழுவ வேணாம், பூனைக்கு அது நஞ்சு. சவர்க்காரமும் தண்ணியும் காணும். வயித்தில பிள்ளை உள்ளவங்க அந்த மணல அள்ளாதீங்க. வேற ஆள் ஒவ்வொரு நாளும் அள்ளட்டும். பூனைட மலத்தில வாற கிருமி தொற்றுற நிலைக்கு வர ஒரு நாளாவது எடுக்கும், அதுக்கு முதல் அள்ளிடணும். குட்டி எடுக்கிறதென்டா எட்டுக் கிழமை வரைக்கும் தாயோட விட்டுட்டு எடுங்க. பாதிப் பழக்கம் தாயே குடுத்திடும்.

மிச்ச ரெண்டு குட்டியும் இப்ப எங்கட குசினியில இருக்கு. ஒண்டு கறுப்பு, மத்தது சாம்பல். விருப்பமான ஆக்கள் இன்பொக்ஸ் வாங்க. பேசினும் மணலும் நானே தாறன்.