துவண்ட பிள்ளைக்குத் தெய்வத்தை எவ்வாறு காட்டுவது?

தைப்பூசத் திருநாளன்று பத்துமலையின் 272 படிகளிலும், பினாங்குத் தண்ணீர்மலையிலும், ஈப்போ கல்லுமலையிலும் மஞ்சள் ஆடை உடுத்திப் பால்குடம் ஏந்திவரும் பிள்ளைகளைக் காண்கையில் நெஞ்சம் நெகிழாதார் இலர். அவர்களுள் பலர் தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றமைக்காக நேர்த்திக்கடன் செலுத்த வந்தவர்கள். பெற்ற நன்மைக்கு நன்றி கூறும் இவ்வழக்கம் போற்றுதற்குரியது. அதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால், அதே நேர்த்தியை நேர்ந்துகொண்டு, அதே அளவு உருகி வேண்டியும் தேர்ச்சி கிட்டாமற்போன பிள்ளை அன்று எங்கே இருக்கிறான்? பெரும்பாலும் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்ட அறையில் இருக்கிறான். அவனைப் பற்றி நம் ஆலயங்களும் சமய வகுப்புகளும் போதிய அளவு சிந்திக்கவில்லை என்பதே என் கருத்து.

'முருகன் என்னைக் கைவிட்டுவிட்டான்' என்றோ, 'அவன் அருளுக்கு நான் தகுதியற்றவன்' என்றோ அப்பிள்ளை எண்ணக்கூடும். எண்ணினால், அதனைக் கற்பித்தவர்கள் நாமே. சிறு வயதில், 'பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்' என்று அச்சுறுத்தினோம். சற்று வளர்ந்ததும், 'நன்றாகத் தேறினால் பால்குடம் எடுக்கலாம்' என்று பேரம் பேசப் பழக்கினோம். இறைவனைக் காவலராகவும் வணிகராகவும் மட்டுமே அறிந்த பிள்ளை, தோல்வியுற்ற நாளில் அவரிடம் எப்படிச் செல்வான்? காவலரிடம் சென்றால் தண்டனை கிடைக்கும். வணிகரிடம் செல்லவோ கையில் முதல் இல்லை.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டிலும், மூன்றாம் படிவத்துக்கான பி.டி.3 தேர்வு 2022ஆம் ஆண்டிலும் அகற்றப்பட்டன. சிறுவர்தம் சுமை குறைந்ததென மகிழ்ந்தோம். ஆயினும் பெற்றோரின் எதிர்பார்ப்புக் குறைந்ததா? முன்னர் மூன்று தேர்வுகளின்மீது பகிர்ந்து கிடந்த பாரம், ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வொன்றின்மீதே வந்து குவிந்தது.

இத்தகைய பிள்ளைக்குச் சொல்வதற்கென்றே அமைந்தாற்போன்ற வரலாறுகள் நம் சமயத்தில் நிறைய உண்டு. சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் அருளிய பெரியபுராணத்தில் வரும் சீர்காழி நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். மூன்று வயதுக் குழந்தையைக் குளக்கரையில் அமர்த்திவிட்டுத் தந்தையார் சிவபாதவிருதயர் நீரில் மூழ்குகிறார். தந்தையைக் காணாத குழந்தை கோயிலை நோக்கி 'அம்மே, அப்பா' என்று அழுகிறது. அம்மையப்பர் எழுந்தருள்கின்றனர்; உமையம்மை பொற்கிண்ணத்தில் ஞானப்பாலை ஊட்டுகிறாள். அக்குழந்தையே திருஞானசம்பந்தர்.

இதனைத் தேவார வகுப்பில் கேளாத பிள்ளை இல்லை. ஆனால் நாம் வழக்கமாக அழுத்திச் சொல்வது, பால் உண்டதும் குழந்தை பதிகம் பாடிய அற்புதத்தை. அதாவது, இங்கும் நாம் தேர்ச்சியையே பேசுகிறோம்! அதற்கு முந்தைய கணத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அக்குழந்தை நேர்ந்துகொண்டது எதுவுமில்லை, விரதம் இருக்கவில்லை. தனித்துவிடப்பட்டோம் என்று அஞ்சி அழுதது, அவ்வளவே. அந்த அழுகையே போதுமானதாயிற்று. இன்னும் ஒன்று: கரையேறிய தந்தையார் குழந்தையின் வாயில் பாலைக் கண்டு, யார் தந்த எச்சிற்பாலை உண்டாய் என்று சினந்து, சிறு கோலை எடுத்து ஓங்குகிறார். தெய்வம் பாலோடு வந்த இடத்தில் தந்தை கோலோடு நிற்கிறார். தேர்வு முடிவு வெளிவரும் நாளில் நம் வீடுகளில் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. சிவபாதவிருதயர் நல்ல தந்தை. நாமும் நல்ல பெற்றோரே. என்றாலும் கோல் முந்திக்கொள்கிறது.

திருநாவுக்கரசர் வரலாற்றிலும் இத்தகைய இடம் ஒன்று உண்டு. தம் குடும்பம் போற்றிய நெறியைவிட்டு நெடுங்காலம் விலகியிருந்தவர், சூலை நோய் தாளாமல் தமக்கையார் திலகவதியாரிடம் திரும்பி வருகிறார். 'அன்றே சொன்னேனே' என்று அந்த அம்மையார் ஒரு சொல்லும் கூறவில்லை. திருநீறு அளித்துத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துச் செல்கிறார். இறைவன் கருணை அன்று முதலில் தமக்கையின் உருவில்தான் வந்தது. நம் வீட்டுப் பிள்ளைக்கும் அது அக்காள் வழியாகவோ, பாட்டி வழியாகவோ வரக்கூடும். முதலில் அப்பிள்ளையை உண்ண வையுங்கள். மதிப்பெண் பேச்சு மறுநாள் இருக்கட்டும்.

அருணகிரிநாதர் வரலாற்றைக் கூறும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். வாழ்வை வெறுத்து, திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தவரை முருகப்பெருமான் தம் கையில் தாங்கினார் என்பது செவிவழி வரலாறு. அந்த அற்புதத்தோடு கதையை நிறுத்திவிட்டால், துயரில் இருக்கும் இளம் உள்ளம் அதனைத் தவறாகப் பொருள்கொள்ள இடமுண்டு. 'இனி என் வாழ்வில் எதுவுமில்லை' என்று அவர் முடிவுகட்டிய நாளுக்குப் பின்னரே திருப்புகழ் முழுவதும் பிறந்தது; அவர் தம்மைப் பற்றிச் செய்த கணிப்பு தவறாயிற்று. பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இதுதான். தாங்கும் கை இன்று பெற்றோரின் கையாகவும், பள்ளி ஆலோசக ஆசிரியரின் கையாகவும், மருத்துவரின் கையாகவும் வரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிள்ளை உணவை வெறுத்து, உறக்கம் இழந்து, வாழ்வே வேண்டாம் என்பதுபோல் பேசினால், திருநீறு பூசியதோடு நிறுத்திவிடாமல் அன்றே ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். 'என்ன நினைக்கிறாய்?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவ்வாறு கேட்பதால் தெய்வ நம்பிக்கைக்கு இழுக்கு எதுவும் நேராது.

கருணையையே பேசிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் சோம்பிப்போவார்கள் என்று சில பெரியவர்கள் அஞ்சுவதுண்டு. அவ்வச்சத்தை நாம் தள்ளிவிட இயலாது. ஆனால் அருளை அறக்கருணை, மறக்கருணை என இரண்டாகக் கண்டவர்கள் நம் சமயச் சான்றோர். கண்டிப்பதும் கருணையே. மாமரமாய் நின்ற சூரபதுமனை வேலால் பிளந்த பெருமான், அவனையே மயிலாகவும் சேவலாகவும் ஏற்று, ஊர்தியும் கொடியுமாகத் தம்முடனேயே வைத்துக்கொண்டார். கண்டித்த பின்னர் அருகில் இருத்திக்கொள்ளும் இந்தப் பகுதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். படிக்காத பிள்ளையைக் கண்டியுங்கள். வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு அவன் உங்கள் பக்கத்தில் அமர்ந்து உண்ண வேண்டும்.

ஆலய நிர்வாகத்தினருக்கும் புரவலர்களுக்கும் ஒரு விண்ணப்பம். சிறந்த தேர்ச்சி பெற்றோரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திப் பரிசளிக்கும் விழாக்களைப் பல ஆலயங்கள் நடத்துகின்றன. அவை தொடரட்டும். அவற்றுடன், முடிவு வெளிவந்தபின் வரும் முதல் வெள்ளிக்கிழமை மாலையில், வட்டாரத்தில் தேர்வெழுதிய பிள்ளைகள் அனைவர் பெயருக்கும் ஓர் அர்ச்சனை நடத்தலாம். பெயர், நட்சத்திரம், ராசி ஆகியவை போதும். பெறுபேற்றை எவரும் வினவ வேண்டாம். மேடையும் வேண்டாம், உரையும் வேண்டாம். பூசை முடிந்ததும் பிரசாதம் வழங்கும் பணியைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்துவிடலாம்.

செலவு பெரிதன்று, ஓர் அர்ச்சனைத் தட்டும், ஓர் அண்டா சர்க்கரைப் பொங்கலும் போதும். பெயர்களைத் திரட்டும் பணியை மட்டும் தேவார வகுப்பு ஆசிரியர்கள் தேர்வு முடிவு வெளிவருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். வெளிவந்த பின்னர்க் கேட்டால், நாம் தேடும் பிள்ளை பெயர் கொடுக்க வரமாட்டான்.