துணைத்தொகுப்பு யாருடைய விருப்பம்?

மொழியியல் துறைகளில் புள்ளியியல் மென்பொருளை நிறுவுவது எடுபிடி வேலையாகவே கருதப்படுகிறது. கணினி அறிந்த இளையவர் ஒருவர் கட்டளை வரி ஒன்றை அனுப்புவார். ஏனையோர் அதை அப்படியே ஒட்டி இயக்குவர். ஆய்வு முறையியலின் முதல் முடிவு அந்த வரியிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது என்பது என் கருத்து.

நம்மில் பலர் பயன்படுத்தும் எல்எம்இ4 தொகுப்பையே எடுத்துக்கொள்வோம். பேச்சாளருக்குப் பேச்சாளர், சொல்லுக்குச் சொல் காணப்படும் வேறுபாடுகளை ஒரே கணித மாதிரிக்குள் கொண்டுவரும் ஆர் மொழித் தொகுப்பு அது. அதன் நேரியல் கலப்பு மாதிரி பி மதிப்பைத் தருவதில்லை. இது விடுபட்டுப்போன வசதி அன்று. இத்தகைய மாதிரிகளில் 'டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்' எனப்படும் கட்டின்மைக் கூறுகளைக் கணக்கிட ஐயத்திற்கு இடமற்ற வழி இல்லை என்பதால், அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான டக்ளஸ் பேட்ஸ் வேண்டுமென்றே தவிர்த்தார். 2006இல் காரணத்தை விளக்கியும் எழுதினார்.

நாம் செய்வது என்ன? எல்மெர்டெஸ்ட் என்னும் துணைத்தொகுப்பை ஏற்றுகிறோம். அது 'எல்மெர்' என்ற அதே பெயரில் தன் சொந்தச் செயற்கூற்றை முன்னிறுத்துகிறது. மாதிரியை எழுதிய வரியில் ஓர் எழுத்தும் மாறாது. அட்டவணையில் மட்டும் பி மதிப்பு வந்து அமர்ந்துவிடும். அது சாட்டர்த்வெயிட் முறையில் பெற்ற தோராயம். தொகுப்பின்மீது குற்றமில்லை, முறையின் பெயரை வெளியீட்டின் தலைப்பிலேயே அது அச்சிடுகிறது. ஆய்வேட்டில் ஒட்டும்போதுதான் அந்த வரி வெட்டுப்படுகிறது.

கென்வர்ட்–ரோஜர் முறை வேண்டுமெனில் பிபிகேஆர்டெஸ்ட் என்னும் இன்னொரு தொகுப்பு தேவை. எல்மெர்டெஸ்ட் அதைக் கட்டாயச் சார்புகளில் வைக்காமல் பரிந்துரைப் பட்டியலில் வைத்திருப்பதால், வழக்கமான நிறுவல் கட்டளை அதைக் கொண்டுவராது. எட்டுப் பத்துப் பேச்சாளர்களை மட்டும் பதிவுசெய்து திரும்பும் களப்பணியாளர்க்கு இவ்விரு முறைகளின் விடைகள் வேறுபடக்கூடும். இணைய வேகமும் நிர்வாகி அனுமதியும் வாய்க்காத ஆய்வகக் கணினியிலோ, எது எளிதில் ஏறியதோ அதுவே முறையாகிவிடுகிறது.

ஆய்வேட்டில் எஞ்சுவது 'ஆர் மென்பொருள் பயன்படுத்தப்பட்டது' என்னும் ஒற்றை வரி. ஓர் ஒலியனுக்கு அரைமணி நேரம் விளக்கம் கேட்கும் வாய்மொழித் தேர்வு இவ்வரியைக் கடந்து போய்விடுகிறது. துணைத்தொகுப்புகளின் பெயர், பதிப்பு எண், தேர்ந்த முறை, தேர்ந்த காரணம் ஆகியவற்றை எழுதுவதைத் துறைகள் கட்டாயமாக்க வேண்டும். முதலிரண்டையும் 'செஷன்இன்ஃபோ' என்னும் கட்டளை நொடியில் தந்துவிடும். மற்றவற்றுக்கு, நிறுவல் வகுப்பை இளையவரிடம் விடாமல் முறையியல் ஆசிரியரே எடுக்கட்டும்.