தென்னிந்தியத் தொழிலாளர் நிதியின் கணக்கு எங்கே? நிதியமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மலேசிய நிதியமைச்சர் அவர்களின் மேலான கவனத்திற்கு, நெகிரி செம்பிலான் பாரோயிலிருந்து எழுதப்படுவது.

நாட்டின் வரிமுறையும் அரசின் செலவினமும் சீர்திருத்தப்பட வேண்டும் என்பதில் மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கும் இம்மடலுக்கும் இடையே கருத்து வேறுபாடு ஏதுமில்லை. 2015 ஏப்ரலில் 6 விழுக்காட்டில் வந்த பொருள் சேவை வரி 2018 ஜூனில் சுழியமாக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பரிலேயே பழைய விற்பனை, சேவை வரி மீண்டும் வந்து, 2024 மார்ச்சில் சேவைகள் பலவற்றுக்கு அது 8 விழுக்காடாக உயர்ந்து, 2025 ஜூலையில் அதன் வலை மேலும் அகலமாக விரிக்கப்பட்டது. பற்றாக்குறையை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குள் கொண்டுவரக் கோரும் பொது நிதிப் பொறுப்புச் சட்டமும் 2023இல் நிறைவேறியது. இவையனைத்தும் எவ்வளவு திரட்டுவது, எவ்வளவு குறைப்பது என்ற கேள்விகளுக்கான விடைகளே. எதற்கென்று சொல்லித் திரட்டப்பட்டதோ அதற்கே பணம் போய்ச் சேர்ந்ததா என்ற மூன்றாவது கேள்வியை எந்த வரவுசெலவுத் திட்ட உரையும் எழுப்புவதில்லை. அக்கேள்வி தனி மனுக்கள் வழியே கேட்கப்பட்டு, மனு கிடைத்தது என்ற ஒற்றை வரிக்கு மேல் எதுவும் வாராத நிலையில்தான் இம்மடல் பொதுவெளிக்கு வருகிறது.

நிதிச் சட்டங்கள் எதையும் மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அவர் அவற்றை அறிவார். ஒரே ஒரு நிதியின் வரலாறு மட்டும் இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

குறிப்பிட்ட ஒரு நோக்கத்திற்கென்றே தண்டப்பட்டு, அந்த நோக்கத்திற்கே செலவிடப்பட வேண்டிய வரியைத் தனிநோக்குத் தீர்வை எனலாம். வணிகர் வழக்கில் அது செஸ். மலாயாவில் தமிழர் பெயராலேயே அத்தகைய தீர்வை ஒன்று இருந்தது. 1907இல் தமிழ்க் குடியேற்ற நிதி என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் இந்தியக் குடியேற்ற நிதியாக விரிந்த அந்த ஏற்பாட்டின்படி, தென்னிந்தியத் தொழிலாளர்களை வேலைக்கு வைத்திருந்த ஒவ்வொரு தோட்ட முதலாளியும், ஆளை அவரே கங்காணி அனுப்பித் திரட்டியிருந்தாலும் அடுத்த தோட்டத்திலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாலும், தம் தோட்டத்தில் செய்யப்பட்ட வேலைநாள்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப மூன்று மாதத்திற்கு ஒருமுறை பணம் கட்டியாக வேண்டும். ஆவடியிலும் நாகப்பட்டினத்தை அடுத்த பாப்பாகோயிலிலும் இருந்த முகாம்களின் செலவு, கப்பல் கட்டணம், பினாங்கிலோ கிள்ளான் துறைமுகத்திலோ இறங்கியவரைத் தோட்டம் வரை கொண்டுசேர்க்கும் செலவு, உடல் தளர்ந்து ஊர் திரும்புவோரின் பயணச் செலவு ஆகியவை இந்நிதியிலிருந்தே போயின. ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் விடியுமுன் வந்து நின்ற ஒவ்வொரு ஆளின் ஒவ்வொரு நாளும் இந்தத் தீர்வையின் அலகாக இருந்தது என்பதே இதன் பொருள்.

முதலாளி கட்டிய பணத்தின் மீது தொழிலாளிக்கு என்ன உரிமை என்ற மறுப்பு இவ்விடத்தில் எழக்கூடும். வரியைக் கருவூலத்தில் செலுத்துபவர் ஒருவராகவும் அதன் பாரத்தை உண்மையில் சுமப்பவர் வேறொருவராகவும் இருக்கலாம் என்பது பொருளியலின் பாலபாடம். பாரம் இறுதியாக யார் தலையில் இறங்குகிறது என்பதை அத்துறை வரிச்சுமை இறங்குமிடம் என்று குறிக்கிறது. ஆள் ஒன்றுக்கு ஆகும் மொத்தச் செலவில் இந்தத் தீர்வையையும் சேர்த்துக் கணக்கிட்ட பின்னரே நாட்கூலி எவ்வளவு தரலாம் என்று தோட்ட நிருவாகம் முடிவுசெய்யும். ஆகவே நிதிக்குப் போன ஒவ்வொரு காசிலும் கூலியில் சேராமல் போன ஒரு பங்கு இருந்தது. தள்ளிவைக்கப்பட்ட ஊதியம் என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

1938இல் இந்திய அரசு, உதவி பெற்றுக் கப்பலேறும் குடியேற்றத்தைத் தடைசெய்தது. ஆள் கொண்டுவரும் வேலை நின்றபோதும் நிதி மிஞ்சியது. அதற்குப் பின் போர் வந்தது. சயாம் மரண ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆடவர் வாரிக்கொண்டு போகப்பட்டதும், அவர்களில் பெருந்தொகையினர் திரும்பாததும் தெரிந்த செய்தி. விடுதலைக்கு மறு ஆண்டான 1958இல், மிஞ்சிய அந்தப் பணத்தைக் கொண்டு, அதற்கென ஒரு சட்டமும் ஒரு வாரியமும் அமைத்துத் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி உருவாக்கப்பட்டது. நலிந்த தொழிலாளர்களின் நலனே அதன் நோக்கம். இந்நாட்டுத் தமிழ்த் தொழிலாளிக்குச் சட்டத்தின் எழுத்தில் உரிமையாக இருந்த ஒரே பொதுப்பணம் இதுவே என்று சொல்லலாம்.

அந்த நிதி பெரிதும் தேவைப்பட்ட காலங்களை மாண்புமிகு அமைச்சர் எண்ணிப்பார்க்க வேண்டும். 1950களிலும் 60களிலும், வெளியேறிய வெள்ளைக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைக் கூறுபோட்டு மறுவிற்பனை செய்த தோட்டத் துண்டாடல் நடந்தது. அடுத்து, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வாங்க வேண்டும் என்று 1968இல் இயற்றப்பட்ட சட்டம் 1969க்குப் பின் இறுக்கமாக நடைமுறைக்கு வந்தபோது, பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினர். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. கோலப்பிலா சாலையை ஒட்டிய பாரோய் தாமான்களின் ஊராயிற்று, செனவாங் தொழிற்பேட்டையாயிற்று, லாபு வட்டாரத்தில் பண்டார் என்ஸ்தெக் எழுந்தது, செண்டாயான் புதுநகரமாயிற்று. தோட்டம் கைமாறிய இடங்களில் லயன் வீடுகளில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்கள், சம்பளத்தோடு வீட்டையும், பல இடங்களில் கோயிலையும் பள்ளியையும் ஒரே நாளில் இழந்தனர். ஏனெனில் தோட்டத்தில் இவையனைத்தும் முதலாளியின் நிலத்தில் நின்றவை.

தோட்டங்கள் இப்படிக் கைமாறிக்கொண்டிருந்த காலத்தில்தான் அரசு தென்னிந்தியத் தொழிலாளர் நிதியைக் கலைத்தது. 1999இல் அதற்கென்றே ஒரு கலைப்புச் சட்டம் இயற்றப்பட்டு, வாரியம் நீங்கி, அதன் சொத்துகள் அரசிடம் சேர்ந்தன. தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் நகர்ப்புறப் புறம்போக்குகளில் குடிசை போட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில், பயனாளிகள் இனி இல்லை என்பதுபோல் அவர்களுக்கான நிதி மூடப்பட்டது. இதைவிடப் பொருத்தமான தருணத்தைத் தேடிப்பிடிக்க ஓர் அரசுக்குத் தனித்திறமை வேண்டும்.

இதே மண்ணில் மரத்திற்கு என்ன நேர்ந்தது என்பதையும் ஒப்புநோக்கலாம். முதிர்ந்த ரப்பர் மரத்தை வெட்டி மறுநடவு செய்வதற்காக, ஏற்றுமதியாகும் ரப்பரின் மீது தனிநோக்குத் தீர்வை விதித்து, 1952இல் மறுநடவு நிதி அமைக்கப்பட்டது. தோட்டங்கள் செலுத்திய தீர்வை மறுநடவுச் செலவுக்கென அவற்றுக்கே திரும்பியது. சிறுதோட்டக்காரர்களின் பங்கு அவர்களுக்கான உதவியாயிற்று, பின்னர் 1973இல் ரிஸ்டா என்ற நிறுவனமே அவர்களுக்கென எழுந்தது. நிலமில்லாத பால்வெட்டுத் தொழிலாளி இவ்விரு வகையிலும் அடங்கவில்லை. பால் வற்றிய மரத்திற்கு மறுவாழ்வு கொடுக்க ஒரு நிதி இருந்தது, நோக்கம் பிறழாமல் நடந்தது. அந்த மரத்தைச் சீவிய கைக்கென்று இருந்த நிதி கலைக்கப்பட்டது. தனிநோக்குத் தீர்வையைக் காப்பாற்ற இந்நாட்டு நிருவாகத்திற்குத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. யாருக்காகக் காப்பாற்றுவது என்பதில்தான் அதற்குத் தெளிவான கருத்து இருந்திருக்கிறது.

இத்தகைய கைவிடல் மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் பீடித் தொழிலாளர் நலனுக்கென்று 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டப்பட்ட தீர்வை, 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது எளிமையாக்கம் என்ற பெயரில் நீக்கப்பட்டது. திருநெல்வேலியிலும் வேலூரிலும் பீடி சுற்றும் பெண்களின் நலநிதிக்கு இருந்த தனி ஊற்று அதோடு அடைபட்டது. வரிச் சீர்திருத்தத்தின் மொழியில் எளிமை என்பது பெரும்பாலும் எளியோரின் கணக்கை அடிப்பதில்தான் தொடங்குகிறது.

கலைக்கப்பட்ட அந்தத் தென்னிந்தியத் தொழிலாளர் நிதிக்கு மாற்றாக இன்று காட்டப்படுவது, மலேசிய இந்தியர் மேம்பாட்டுக்கான மித்ரா. 2014இல் பிரதமர் துறையில் செடிக் என்று தொடங்கி, 2018இல் பெயர் மாறி, ஒற்றுமைத் துறை அமைச்சுக்கும் பிரதமர் துறைக்குமாக இடம் மாறிக்கொண்டிருக்கும் இந்தப் பிரிவுக்கு ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட் என்பது வழக்கமான அறிவிப்பு. அதன் மானியங்கள் குறித்து 2021இல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணையில் இறங்கியதும் நாடறிந்தது. ஆனால் அடிப்படைக் குறை முறைகேட்டில் மட்டும் இல்லை. 1958இன் நிதி சட்டத்தால் நின்றது. தீர்வையாகத் திரண்ட சொந்த மூலதனம் அதற்கு இருந்தது. மித்ராவுக்கு உள்ளது ஒவ்வோர் அக்டோபரிலும் ஓர் உரையில் வாசிக்கப்படும் ஒரு வரி. அவ்வரி ஓராண்டு விடுபட்டால் தட்டிக்கேட்கச் சட்டம் இல்லை. உரிமையாக இருந்ததைக் கரைத்துவிட்டுக் கருணையாகத் திருப்பிக் கொடுத்து, அதற்கு நன்றியும் எதிர்பார்க்கும் கலையில் அடுத்தடுத்து வந்த அரசுகள் நன்றாகவே தேர்ச்சி பெற்றிருக்கின்றன.

நிதி அமைச்சிடம் பணமில்லை என்பதும் நம்பத்தக்கதன்று. செம்பனை எண்ணெயின் விலை குறிப்பிட்ட எல்லையைத் தாண்டும்போது பெருந்தோட்டங்களிடம் தண்டப்படும் திடீர் இலாபத் தீர்வை 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி நடப்பில் உள்ளது. 2025 ஜனவரி முதல் தீபகற்பத்தில் அந்த எல்லை டன்னுக்கு 3,150 ரிங்கிட், விகிதம் 3 விழுக்காடு. விலை 4,000 ரிங்கிட்டாக இருந்தால் எல்லையை மீறிய 850 ரிங்கிட்டுக்கு, எண்ணெய்க் கணக்கில் டன்னுக்கு 25 ரிங்கிட் 50 சென் அரசுக்குச் சேரும். 2022இல் விலை 7,000 ரிங்கிட்டையும் தாண்டியது. வெளிநாட்டுத் தொழிலாளர் ஒருவரைத் தோட்டத்தில் வைத்திருக்க ஆண்டுக்கு 640 ரிங்கிட் லெவியும் கட்டப்படுகிறது. 1907இன் தலைக்கணக்கு அப்படியே திரும்பியிருக்கிறது. தலைகள் மட்டும் வங்காளதேசத்துக்கும் இந்தோனேசியாவுக்கும் மாறியிருக்கின்றன. அன்றைய தீர்வை, ஆளைக் கொண்டுவரவும் தளர்ந்தபோது திருப்பியனுப்பவுமாவது பயன்பட்டது. இன்றைய இரண்டும் பொதுக் கருவூலத்தில் கலந்துவிடுகின்றன. அவற்றை ஈன்ற மண்ணில் உழைத்தவருக்கென்று ஒரு சென் கூடப் பிரித்து வைக்கப்படுவதில்லை.

2025 ஆகஸ்ட் 31 முதல், 18 வயது நிரம்பிய குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் மைகாட் அடையாள அட்டை வழியே 100 ரிங்கிட் வழங்கப்பட்டபோது, இந்நாட்டில் வாழ்நாளெல்லாம் பால் வெட்டியும் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்ட முதியவர்கள் அதில் சேரவில்லை, ஏனெனில் அவர்கள் நிரந்தரவாசிகளே தவிரக் குடிமக்கள் அல்லர். கடையில் அவர்கள் வாங்கும் பொருளின் விலைக்குள் ஒளிந்திருக்கும் விற்பனை வரி மட்டும் அட்டையின் நிறத்தைக் கேட்பதில்லை. இப்படிப்பட்டவர்களை மனத்தில் வைத்துத்தான் 1958இல் அந்த வாரியம் அமைக்கப்பட்டது.

1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்திலிருந்து மறைந்த பில்லியன்களைச் சிங்கப்பூரிலும் சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் விடாமல் தேடி மீட்ட அரசு இது. அந்நிறுவனத்தின் 3 பில்லியன் அமெரிக்க டாலர் கடன்பத்திரம் 2023 மார்ச்சில் முதிர்ந்தபோது மக்கள் பணத்திலிருந்து அடைத்ததும் இதே அரசு. கண்டம் விட்டுக் கண்டம் பணத்தின் தடம் பிடிக்கத் தெரிந்த நிதி அமைச்சுக்கு, தன் ஏட்டிலேயே வரவு வைக்கப்பட்ட ஒரு நிதியின் தடம் தெரியாமல் போவது வியப்பு. 2022 டிசம்பர் முதல் பிரதமரே நிதியமைச்சராகவும் இருப்பதால், வேறு அமைச்சரைக் கேட்டுச் சொல்வதாகக் காலம் கடத்தும் வசதியும் இல்லை.

ஆகவே அடுத்த வரவுசெலவுத் திட்டத்திற்கு முன், கலைக்கப்பட்ட நாளில் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியில் இருந்த ரொக்கம், நிலம், கட்டடம் ஆகியவற்றின் மதிப்பும், அவை யார் பெயருக்கு மாறின, இன்று எந்த நிலையில் உள்ளன என்பதும் மக்களவையில் எழுத்து வடிவில் வைக்கப்பட வேண்டும். அத்தொகை இன்றைய மதிப்பில் கணக்கிடப்பட்டு, திடீர் இலாபத் தீர்வையில் ஆண்டுதோறும் ஒரு பங்கும் சேர்க்கப்பட்டு, முன்னாள் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கென்று, அமைச்சர் மாறினாலும் மாறாத அறக்கட்டளைக் கணக்கு ஒன்று சட்டத்தால் திறக்கப்பட வேண்டும். பங்கு எவ்வளவு என்பதை நிதி அமைச்சின் தாராள மனத்திற்கே விட்டுவிடலாம். மரத்திற்குக் கொடுத்த மதிப்பில் பாதி போதும். கணக்கு தொலைந்துவிட்டது என்பதுதான் விடையென்றால், அதையும் எழுத்தில், தேதியிட்டு, பொறுப்பான அதிகாரியின் கையொப்பத்தோடு அனுப்பிவைத்தால் போதும். பெற்றுக்கொண்டோம் என்ற ஒற்றை வரிக் கடிதம் பாரோயிலிருந்து உடனே வரும்.