உப்பு ஜாடியும் ஓப்பனிங் ஸ்டாக்கும்

சென்னையில் வாடகை வீடு மாறுகிற குடும்பத்தில் முதல் பையை யார் கட்டுவது என்பதில் குழப்பமே கிடையாது. பாட்டியோ அத்தையோ கட்டிவிடுவார். கல் உப்பு, மஞ்சள், அரிசி, துவரம் பருப்பு, குத்துவிளக்கு, சாமி படம், பால் காய்ச்சப் புதுப் பாத்திரம். சாமான் லாரிக்கு முன்னால் ஆட்டோவில் இது போய்ச் சேர்ந்துவிடும். ராகு காலம் தொடங்குவதற்குள் பாலும் பொங்கிவிடும்.

நான் கிண்டல் செய்யவில்லை. நன்றாகப் பொங்கட்டும். அந்தப் பையில் வேறு என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

ஒன்றும் இருக்காது. சாயந்திரம் ஆறரை மணிக்கு ஸ்விட்சைத் தட்டினால் ஹோல்டரில் பல்பு இருக்காது. பழைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். நம்ம பல்பு எந்த அட்டைப் பெட்டியில்? தெரியாது. மாமனாரின் சுகர் மாத்திரை, மறுநாள் ஸ்கூல் யூனிஃபார்ம், குடிதண்ணீர் கேன்... எல்லாம் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே எங்கோ சிக்கிக் கிடக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு அதையெல்லாம் தேடுவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நல்ல நேரம் பார்த்துச் சொன்ன ஆம்பிளைகள் பாயை விரித்துப் படுத்திருப்பார்கள்.

சரி, இது ஒரு ராத்திரிக் கஷ்டம். காசு போகிற கஷ்டம் தனியாக இருக்கிறது. அது காலி செய்கிற நாளில் வரும்.

ஹவுஸ் ஓனர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வருவார். சுவரில் ஆணி ஓட்டை, வாஷ்பேசினில் விரிசல், பெயின்ட்... ஒவ்வொன்றாக அட்வான்ஸில் கழிப்பார். 'விரிசல் நாங்க வரும்போதே இருந்துச்சு சார்' என்பீர்கள். 'அப்பவே சொல்லலையே' என்பார். அவ்வளவுதான். ஓப்பனிங் ஸ்டாக்கே எழுதாமல் குளோசிங் ஸ்டாக்கில் குறை கண்டுபிடிக்கிற வித்தை இது. பி.காம். முதல் வருஷப் பரீட்சையில் இப்படி எழுதினால் ஃபெயில்.

தமிழ்நாட்டின் 2017ஆம் வருட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. குடியேறியபோது வீடு இருந்த நிலையில், சாதாரணத் தேய்மானம் போக, அதைப் பராமரிக்க வேண்டும் என்கிறது அது. அதன் அட்டவணைப்படி வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், ஜன்னல் கண்ணாடி நம் பொறுப்பு. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. எல்லாம் 'ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால்'தான். அந்த ஓட்டை வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸும் பெயின்ட் காசும் உள்ளே நுழைகின்றன. எனவே ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகல் முதல் பையில் இருக்கட்டும்.

ஆனால் 'குடியேறியபோது இருந்த நிலை'க்கு யார் சாட்சி? சாமி படமா?

லாரி வருவதற்கு முன், காலி வீட்டை அறை அறையாக செல்போனில் படம் எடுங்கள். மின்சார மீட்டரையும் எடுங்கள். கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நடுவில் குடியேறினால், முன்னால் இருந்தவர் ஏ.சி. ஓட்டிய யூனிட்டும் உங்கள் யூனிட்டும் ஒரே பில்லில் வரும். மொத்தம் ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். எது உடைந்திருக்கிறது, எது ஒழுகுகிறது, மீட்டரில் எவ்வளவு என்று இரண்டு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

'நல்ல நாளும் அதுவுமா ஓனர் என்ன நினைப்பார்?' என்று வீட்டுக்குள்ளிருந்தே ஒரு குரல் வரும். நினைக்கட்டுமே! செக் பாஸான பிறகுதானே அவர் சாவியையே கொடுத்தார்? அதை யாராவது அவநம்பிக்கை என்றோமா? நம்புகிற கடமை குடித்தனக்காரனுக்கு மட்டும்தானா?

பால் பொங்கியதும் அவருக்கும் ஒரு டம்ளர் கொடுங்கள். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே லிஸ்டை நீட்டுங்கள். 'பேனா இல்லையே' என்பார். அதனால் பேனாவை உப்பு ஜாடிக்குப் பக்கத்திலேயே வைத்துக் கட்டச் சொல்லுங்கள் பாட்டியிடம்.