துணிப்பையும் நமது சங்கங்களும்

ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை அமலில் உள்ளது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கப்பட்டது. ஆயினும் நாம் ஆய்வுக்குச் சென்ற சங்கங்கள் சிலவற்றில், கைத்தறிச் சேலையையே பிளாஸ்டிக் பையிலிட்டுத் தருவதைக் கண்டோம். நமது தொழிலுக்கு நாமே இழைக்கும் குறை இதுவன்றோ?

துணிபோல் தோன்றும் பைகளிலும் எச்சரிக்கை தேவை. அவற்றுள் பல, நெய்யப்படாத பாலிபுரொப்பிலீனால் ஆனவை. ஓரத்தைச் சிறிது கத்தரித்துக் கொளுத்தினால் உண்மை விளங்கும். பருத்தி எரிந்து சாம்பலாகும். மற்றது உருகி மணியாகத் திரளும்.

பருத்திப் பைக்கு விலை அதிகம் என்பது மெய்யே. பருத்தி விளையவும் மிகுந்த நீர் வேண்டும். ஆகவே பைகளை வாங்கி வீட்டில் அடுக்குவதால் பயனில்லை. ஒரே பையைக் கிழியும்வரை எடுத்து வரவேண்டும்.

நெசவாளர் சங்கத்தில் மிஞ்சும் துண்டுத்துணியில் பைகள் தைக்கலாம். அவற்றை விவசாயிகள் சங்கம் வாங்கலாம். ஒருவருக்கொருவர் உதவுவதுதானே கூட்டுறவு! அங்கத்தினர்கள் அடுத்த பொதுக்குழுவிலேயே இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருவார்களாக.